சோத்துக்கையில போடுங்க

எனக்கு ஒரு திமிர் உண்டு. படிவத் தமிழை ஊர்த் தமிழாக மாற்றிச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை என்கிற திமிர். பெரம்பலூரில் ஒரு தனியார் தோல் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெயர் ஜெயசுதா. மருந்து கொடுப்பது, விளக்கிச் சொல்வது, வாராவாரம் ஆளைக் கூப்பிட்டுப் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. மேலிடத்திலிருந்து வரும் தாள்களில் ‘வலது முழங்கையின் வெளிப்புறப் பரப்பில் மேற்பூச்சாக இடவும்’ என்று இருக்கும். அதை எழுதினவர் வீட்டில்கூட யாரும் அப்படிப் பேச மாட்டார்கள்.

நாங்கள் சோதித்தது புது மருந்தில்லை. குடல்புழுவுக்கு விழுங்குகிற ஒரு பழைய மாத்திரை. அதையே களிம்பில் குழைத்துத் தடவினால் சொரியாசிஸ் அடங்குமா என்பதுதான் கேள்வி. பல வருடமாகப் பழகின மருந்து என்பதால் யாருக்கும் பெரிய பயமில்லை. "பூச்சி மாத்திரையைப் பூசச் சொல்றீங்க" என்று கிண்டல் செய்தார் அரியலூர் அய்யம்பெருமாள். சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர்.

மொத்தம் பதினெட்டுப் பேர். எல்லோருக்கும் இரண்டு முழங்கையிலும் செதில். ஆளுக்கு இரண்டு ட்யூப். வெள்ளை மூடி வலது முழங்கைக்கு, நீல மூடி இடது முழங்கைக்கு. ஒன்றில் மருந்து, இன்னொன்றில் வெறும் களிம்பு. யாருக்கு எதில் மருந்து என்பது டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் சீல் வைத்த உறைக்குள் இருந்தது. ஆறு வாரம் கழித்து உறையைப் பிரித்து, மருந்து போட்ட முழங்கை தேறியிருக்கிறதா என்று பார்ப்பதாக ஏற்பாடு.

நான் எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னேன். "வெள்ளை மூடி, சோத்துக்கையில போடுங்க. நீல மூடி, நொட்டாங்கையில போடுங்க. காலையில ஒருதரம், சாயந்தரம் ஒருதரம்."

தலையாட்டினார்கள். என் எதிரிலேயே ஒருமுறை தடவிக் காட்டச் சொல்ல வேண்டும், அதற்குப் படிவத்தில் ஒரு கட்டமும் உண்டு. அன்றைக்கு நல்ல கூட்டம். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஆளாளுக்குப் பறந்தார்கள். தடவிக் காட்டினதாக டிக் போட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் அய்யம்பெருமாளின் இடது முழங்கை வெந்ததுபோல் சிவந்திருந்தது. வலது முழங்கை பரவாயில்லை, செதில் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. அடுத்த வாரம் லப்பைக்குடிகாடு நஜ்முன்னிசாவுக்கு அதே மாதிரி ஒரு பக்கம் மட்டும். ஐந்தாவது வாரத்துக்குள் பன்னிரண்டு பேர். சிலருக்கு இடது, சிலருக்கு வலது, ஆனால் எல்லோருக்கும் ஒரே ஒரு முழங்கை. தோல் கழன்று சீழ் வைத்தது. அய்யம்பெருமாளை அரியலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்கப் போனேன். கிண்டல் ஒன்றும் வரவில்லை. சீழ் எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது என்று அவர் மனைவி சொன்னார்.

ட்யூப்களை நிறுத்தினோம். டாக்டர் பிரேம் உறையைப் பிரித்தார். அவர் வாசிக்க வாசிக்க நான் குறித்தேன். பன்னிரண்டில் பத்துப் பேருக்குப் புண் வந்தது மருந்தில்லாத பக்கத்தில்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "மருந்து மேல தப்பில்ல சுதா. அந்தக் களிம்புச் சரக்குதான் கெட்டது. அதையும் மீறி மருந்து தோலைக் காப்பாத்தியிருக்கு."

"மிச்சம் ரெண்டு பேருக்கு மருந்து போட்ட பக்கமே புண்ணு இருக்கே சார்?"

"யாரு?"

"லப்பைக்குடிகாடு அன்சார் வாத்தியார். இன்னொருத்தர் பேங்க்ல இருக்காரு."

"அவங்க ட்யூபை மாத்திப் போட்டிருப்பாங்க" என்று அந்த இரண்டு பெயரையும் சுழித்து ஒதுக்கினார். நானும் ஆமாம் போட்டேன். எனக்கு ஆமாம் போட வேண்டியிருந்தது, ஏனென்றால் அடுத்த கட்டம் உடம்பு முழுக்கத் தடவுவது. அதில் என் வீட்டுக்காரர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று நான் எப்போதோ முடிவு செய்திருந்தேன்.

அவர் பெயர் ராஜவேல். பெரம்பலூர் அரியலூர் தடத்தில் பஸ் ஓட்டுகிறார். வயிறு, இடுப்பு, தொடை எல்லாம் செதில். எட்டு வருடமாக என் முன்னால் சட்டையைக் கழற்றியதில்லை. பெற்ற மகளைக்கூட மடியில் வைத்துக்கொள்ளக் கூசுவார். தோல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு சொந்தப் புருஷனுக்கு ஒன்றும் செய்ய முடியாத எரிச்சல் எனக்கு. வேலை செய்கிறவர் குடும்பத்தைச் சேர்க்கக் கூடாது என்று டாக்டர் முதலில் தயங்கினார். கெஞ்சிக் கையெழுத்து வாங்கினேன். புதுக் களிம்பில் குழைத்து, முன்னைவிடக் கூடுதலாக மருந்து வைத்து ட்யூப் வந்தது. முதல் ட்யூப் அவருக்குத்தான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரே தடவிக்கொள்வார். தினம் கேட்பேன், எப்படி இருக்கு என்று. நல்லாருக்கு என்பார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவர் தடவத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள், முதல் சோதனையில் மிஞ்சிய ட்யூப்களைத் திரும்ப வாங்க வாலிகண்டபுரம் போனேன். பதினெட்டுப் பேரில் ஒருவரான இருசம்மாள் அக்கா மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். இடது முழங்கையில் கட்டு. ட்யூப்களை எடுத்து வந்து கொடுத்தார். ஏதோ தோன்றி, எப்படிப் போட்டீர்கள் என்று காட்டச் சொன்னேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

வெள்ளை மூடியைத் திறக்கிற மாதிரி பாவனை செய்து, வலது கை விரலில் பிதுக்கி, இடது முழங்கையில் தடவினார்.

"அக்கா, வெள்ளை மூடி சோத்துக்கையிலன்னுல்ல சொன்னேன்?"

"சோத்துக்கையிலதானே போடுறேன்" என்று வலது கை விரல்களை என் முன்னால் நீட்டினார். "நீல மூடியத்தான் நொட்டாங்கையில போட்டேன். மருந்தைப் போயி நொட்டாங்கையில தொடறதுக்கு மனசே வரல. நீ படிச்ச புள்ள, சொன்னா காரணம் இருக்கும்னு செஞ்சேன்."

சோத்துக்கையில சாப்பிடு. சோத்துக்கையில வாங்கு. பிள்ளைகளுக்கு நாம் சொல்கிற ‘கையில’தான் அது, கையால் என்று அர்த்தம். தன் வலது கையால் தன் வலது முழங்கையை எவராலும் தடவ முடியாது. வலதுக்கானது இடதுக்குப் போயிருக்கிறது, இடதுக்கானது வலதுக்கு.

அங்கேயே நின்று நஜ்முன்னிசாவுக்குப் போன் போட்டேன். "நீங்கதானேங்க சொன்னீங்க? பிஸ்மி சொல்லி சோத்துக்கையாலதான் வெள்ளை மூடியத் தடவுனேன்" என்றார். அடுத்து அன்சார் வாத்தியார். "நீங்க சொன்னதை நான் சரியாக் கவனிக்கலம்மா. ட்யூப் மேல வலது முழங்கைன்னு அச்சடிச்சிருந்துச்சு, அதைப் படிச்சுப் போட்டேன். ஏன், எதுவும் தப்பா?" பேங்க்காரரும் அச்சைப் படித்துத்தான் போட்டிருந்தார்.

சரியாகப் போட்டது அந்த இரண்டு பேர்தான், மாற்றிப் போட்டது மற்ற பத்துப் பேர். தோலைத் தின்றது மருந்து. அதைத்தான் கூடுதலாகக் குழைத்து, நல்ல செய்தி என்று வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

அவர் எடுத்தார். அரியலூர் பஸ் ஸ்டாண்ட் இரைச்சல் கேட்டது.

"என்னங்க, அந்த ஆயின்மென்ட் இனிமே வேணாம். இப்பவே கழுவிடுங்க."

"உனக்கு யார் சொன்னா?"

"எதைங்க?"

"நாலு நாளாப் புண்ணுதான் சுதா. வயிறு, தொடை பூரா. பேண்ட் சதையோட ஒட்டிக்கிச்சு. சீட்டை விட்டு எந்திரிக்க முடியல, டீக்குக்கூட எறங்கல. உள்ள இருக்கிற நோய் வெளிய வருதுன்னு நெனச்சேன். நீ வேற அவ்வளவு சந்தோஷமா இருந்தியா, சொல்ல மனசு வரல."

"அப்படியே உக்காருங்க. கண்டக்டர்கிட்ட போனைக் குடுங்க. நான் டாக்டர்கிட்ட சொல்லிட்டு வரேன்."

"வா. ஆனா டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "ட்யூபை நிறுத்திப்புடுவாரு. இன்னைக்குக் காலையிலதான் புதுசு பிரிச்சேன். சீக்கிரம் ஆறட்டும்னு ரெண்டு பங்காப் போட்டிருக்கேன்."