சீனி இல்லாத சத்துமாவு

மூன்றாவது நாளும் ஸுஹைர் மாவைத் துப்பினான். மஜீதா பாயைத் துடைத்தாள். பிள்ளைக்கு இரண்டரை வயது. எடையோ ஒன்றரை வயதுக்கு உரியதுதான்.

ஒரு கல்லூரியிலிருந்து புதுமடத்துக்கு வந்தவர்கள் எடை குறைந்த பிள்ளைகளுக்குச் சத்துமாவு கொடுத்திருந்தார்கள். எதைப் பிள்ளைகள் தின்கின்றன என்று பார்க்க, சில வீடுகளுக்குச் சீனி சேர்த்தது, சில வீடுகளுக்குச் சேர்க்காதது. பிள்ளை தினமும் எத்தனை கரண்டி தின்கிறது என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும். மஜீதாவுக்குக் கிடைத்தது சீனி சேர்க்காதது. தாளைப் பார்க்க, வாரம் ஒருமுறை ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து அவர்களுடைய ஆள் உமாமகேஸ்வரி பஸ் ஏறி வருவாள்.

மாவை வெந்நீரில் கரைக்கும்போது எழுந்த வறுத்த வாசம் மஜீதாவைச் சின்ன வயதுப் பால்வாடிக்கே கொண்டுபோய்விட்டது. அவளும் அவளுக்கு மூத்தவளான ராத்தா மாஷிதாவும் சத்துமாவு உருண்டையைக் கைக்குள் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவார்கள். மாஷிதா அதைத் தொடமாட்டாள் என்பதால் உம்மா மேலே சீனி தூவிக் கொடுப்பார். அவளோ சீனியை மட்டும் நக்கிவிட்டு, உருண்டையைக் கோழிக்குப் போடுவாள். அந்த வருஷம் தெருவிலேயே கொழுத்த கோழி அவர்களுடையதுதான். பிறகு இருவரும் தெருக்கோடியில் இருக்கும் கடலில் கை கழுவுவார்கள். விரலைச் சப்பினால் இனிப்பும் உப்புமாக இருக்கும்.

நான்காம் நாள் மஜீதா மாவில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டாள். ஸுஹைர் கிண்ணத்தை வழித்துத் தின்றான். ஏழு கரண்டி என்று தாளில் எழுதினாள். கருப்பட்டியைப் பற்றி எழுதவில்லை. அடுத்த மூன்று நாளும் அப்படியே நடந்தது.

மஸ்கட்டில் இருக்கும் மாஷிதாவிடம் போனில் இதைச் சொன்னபோது, கோழிக் கதையை நினைத்து இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்த பிறகு மாஷிதாவின் குரல் இறங்கியது.

"சீனி தின்னே எனக்குப் பாலுப் பல்லு பூராம் சொத்தையாப் போயி, வாப்பா என்னையத் தூக்கிக்கிட்டு ராம்நாட்டு ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சாகளே, அது ஒனக்கு ஞாபகம் இல்லையா? அத விடு. நீ எழுதுறத நம்பித்தானே நாளைக்கு மத்த பிள்ளைகளுக்கும் மாவு அரைப்பாக?"

மறுநாள் உமாமகேஸ்வரி வந்ததும் மஜீதா தாளை நீட்டவில்லை.

"நாலு நாளாக் கருப்பட்டி கலந்து குடுத்தேன்க்கா. இதுல நான் எழுதியிருக்கிறது பொய்."

உமாமகேஸ்வரி கோபப்படவில்லை. அந்த நான்கு வரிகளையும் அடித்து, பக்கத்தில் கருப்பட்டி என்று எழுதினாள். "நீங்களாச்சும் சொன்னீக" என்றாள். தாய் தின்பதைப் பார்த்தால் பிள்ளைக்கும் ஆசை வரலாம் என்றும், துப்பினால் வற்புறுத்தாமல் மறுநாள் மறுபடி கொடுத்துப் பார்க்கும்படியும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து மஜீதா அவனுக்கு எதிரே உட்கார்ந்து அதே மாவை முதலில் தான் தின்றாள். முதல் நாள் அவளுக்கே தொண்டையில் இறங்கவில்லை. ஸுஹைர் சில நாள் அரைக் கரண்டி தின்றான், சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பன்னிரண்டாம் நாள் அவளுடைய கிண்ணத்தையே தன் பக்கம் இழுத்து மூன்று கரண்டி தின்றான். ஏழு எழுதியபோது வராத சந்தோஷம் மூன்று எழுதும்போது வந்தது.

மாதக் கடைசியில் ஸுஹைரின் எடை முந்நூறு கிராம் ஏறியிருந்தது. சீனி மாவு வாங்கிய வீடுகளில் பிள்ளைகள் இன்னும் அதிகமாகத் தின்கிறார்கள் என்று உமாமகேஸ்வரி ஒளிக்காமல் சொன்னாள். கணக்கெடுப்பு முடிந்துவிட்டதால் இனி எது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாமாம்.

மஜீதா ஸுஹைரின் பால் பற்களைப் பார்த்தாள்.

"இதையே குடுங்கக்கா" என்றாள்.