ஆறு வாங்காத தண்ணீர்

1994இல், வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழையின் மூன்றாம் நாள், காலை எட்டரை மணிக்கு, திருப்புறம் பஞ்சாயத்தில் மூன்று வருடம் முன்பு எழும்பிய ஆற்றோரக் காலனியின் மழைத்தண்ணீரை வாங்க நெய்யாறு மறுத்துவிட்டது. மற்ற எல்லார் வீட்டுத் தண்ணீரும் வழக்கம்போல ஆற்றில் இறங்கியது. காலனித் தண்ணீர் மட்டும் சிமெண்டு ஓடையின் வாய்க்கு வந்து, இடுப்பளவு உயரத்தில் செங்குத்தாக நின்றது. தடுப்பு ஒன்றுமில்லை, கையை நீட்டினால் கை அந்தப் பக்கம் போயிற்று. தண்ணீர்தான் போகவில்லை.

காலனிக்காரர்களை அழுக்குப் பிடித்தவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். விடிந்ததும் முற்றம் அடிக்காத வீட்டில் எங்கள் பக்கத்தில் பெண்ணெடுக்க மாட்டார்கள். அந்த இருபத்திரண்டு வீட்டிலும் முற்றம் பளிச்சென்று இருந்தது. கான்டிராக்டர் ஜெயதாஸ், வீட்டிலிருந்து பார்த்தால் ஆறு தெரியட்டும் என்று கரையிலிருந்த தாழையை எல்லாம் வெட்டி, ஓடையை நேரே ஆற்றுக்கு விட்டிருந்தார். பெருக்கிய குப்பை, ஸ்கூட்டர் கழுவிய எண்ணெய், சோப்பு நுரை, ரோஜாவுக்குப் போட்டு மிஞ்சிய உரம் எல்லாம் ஓடைக்குப் போகும். அடுத்த மழை கொண்டுபோகும். கீழே ஆற்றில் மூச்சடக்கி மூழ்கி மட்டிச் சிப்பி வாரிப் பிழைத்த ரீத்தாவின் கூடை மூன்று வருடத்தில் கால்வாசியாயிற்று. கிடைத்த மட்டியும் வேகவைத்தால் மண்ணெண்ணெய் நாறியது. இந்த மழையோடு ஆற்றை விட்டுவிடுவதென்று அவள் முடிவு செய்திருந்தாள்.

ஐந்தாம் நாள் தண்ணீர் காலனியின் வாசற்படி ஏறியது. ஜெயதாஸ் மோட்டார் வைத்து ஆற்றுக்குள் பீய்ச்சினார். அது வளைந்து திரும்பி அவர் தலையிலேயே விழுந்தது. ஊரே சிரித்தது. ஆற்றைத் தினமும் தொடுகிறவள் என்று கடைசியில் ரீத்தாவைத் தேடிப் போனார்கள்.

"நீ ஒரு வார்த்த சொல்லு மக்கா, ஆறு கேக்கும்" என்றார் ஜெயதாஸ்.

"நான் மூணு வருசமா சொன்னத நீங்க ஆராவது கேட்டியளா?" என்றாள் அவள். என்ன பேச்சு! இருந்தாலும் வந்து பார்த்தாள்.

அதற்குள் நின்ற தண்ணீர் வீட்டுக்கொன்றாக இருபத்திரண்டு பட்டையாகப் பிரிந்திருந்தது. அவரவர் தண்ணீரை அவரவர் பார்த்ததும் தெரிந்துகொண்டார்கள். எல்லாவற்றிலும் கறுத்தது விலாசினி டீச்சருடையது. காலனியிலேயே நன்றாக முற்றம் அடிப்பவர் அவர்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது டீச்சர்களுக்கும் பொருந்தும். அவமானத்தில் அவருக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் எல்லாருக்கும் முன்னால் சொன்னார்:

"ரீத்தாக்கா, இது எனக்க வீட்டுத் தண்ணியாக்கும். நான் என்ன செய்யணும்?"

"வாரினதத் தென்ன மூட்டுல போடுங்க டீச்சரே. ஓடைய ஒடைக்கணும். குழி வெட்டித் தொண்டு தாக்கணும், தாழ வைக்கணும்."

தேங்காய் மட்டையான அந்தத் தொண்டில் முதல் கூடையை டீச்சரே தலையில் சுமந்தார். ஒரு வாரத்தில் ஓடை இருந்த இடத்தில் கரை நெடுக அகலமான குழி வெட்டி, தொண்டும் மணலும் நிரப்பி, தாழை நட்டார்கள். இருபத்தொரு வீட்டுத் தண்ணீர் தொண்டுக்குள் கறுப்பாக நுழைந்து, தெளிந்து கசிந்து, ஆற்றில் இறங்கியது. டீச்சருடையது மட்டும் கரையில் நின்றது. அவர் வீட்டுக்குப் போகவில்லை; மழையில் அதன் பக்கத்திலேயே நின்றார். மூன்றாம் நாள் ரீத்தா வந்து அதில் ஒரு கை அள்ளி, எல்லாரும் பார்க்கக் குடித்தாள். ஆறு உடனே வாங்கிக்கொண்டது.

ரீத்தா ஆற்றை விடவில்லை. தொண்ணூற்றாறில் அவள் கூடை நிறைந்தது. முதல் கூடை டீச்சர் வீட்டுக்குப் போயிற்று. திருவனந்தபுரத்திலிருந்து இன்ஜினீயர்கள் வந்து அந்தக் குழியை அளந்து எழுதிக்கொண்டு போனார்கள். எங்களுக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

மழை தொடங்கினால் காலனித் தண்ணீர் இன்றும் ஆற்றோரம் வந்து ஒரு நிமிடம் நிற்கும். ஆறு முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளும். அதுவரை இருபத்திரண்டு வீட்டிலும் யாரும் உட்காருவதில்லை.