ஜம்புப் புறா

பூபாலசிங்கம் வேலையிடத்திலிருந்து எதையாவது தூக்கிக்கொண்டு வராத கிழமை இல்லை. ஒருமுறை மூன்று கால் நாற்காலி. ஒருமுறை கீறல் விழுந்த மீன்தொட்டி. பிறகு, மூன்றாம் மாடியில் குடியிருப்பவர்களுக்கு ஒருநாளும் தேவைப்படாத பனி அள்ளும் சவள். நகரின் மறுபக்கம் சென்ட் லோரன்ட் பகுதியில், வெளிநாடுகளிலிருந்து வளர்ப்புப் பறவைகளையும் மீன்களையும் இறக்கி விற்கிற ஒரு கிடங்கில் அவர் கூட்டித் துடைக்கிற வேலை செய்தார். எறியச் சொன்னதை எறிய அவருக்கு மனம் வராது. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அவர்கள் இருந்த ஒன்றரை அறை வீட்டில் அவற்றுக்கு இடம் தேடுவது மனைவி மீனாம்பிகையின் பாடு.

எண்பத்தேழாம் ஆண்டு பெப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அவர் கொண்டுவந்த பெட்டி அசைந்தது.

"இதுக்குள்ள என்ன?" என்று கேட்டாள்.

"கோவிக்காதையும்."

"என்னெண்டு முதல் சொல்லுங்கோ. கோவிக்கிறதோ விடுறதோ பேந்து பாப்பம்."

அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், உருகிய பனி தரையில் ஒழுக ஒழுக, பெட்டியைக் குசினி மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு புறா ஒடுங்கிக் கிடந்தது. முதுகு பச்சை. முகம் குங்குமத்தைக் குழைத்துப் பூசியதுபோலச் சிவப்பு. வெள்ளை நெஞ்சில் ஓரிடத்தில் மட்டும் இளஞ்சிவப்பு. இப்படி ஒரு நிறச் சேர்க்கையில் சேலை வந்தால் கூடிப்போயிற்று என்று அவள் வாங்கமாட்டாள்.

"சாகப்போகுதாம். குப்பையில போடச் சொல்லி ஹென்றி தந்தவர்" என்றார். ஹென்றி கிடங்கின் மேற்பார்வையாளர். "மூச்சு இருக்குது. உயிரோட கிடக்கிறதை எப்படிப் போடுறது?"

"இந்தக் கட்டடத்தில மிருகம் வளர்க்கக் கூடாதெண்டு வாசல்ல எழுதி ஒட்டியிருக்கிறாங்கள்."

"இது மிருகமில்லையே, பறவையெல்லோ."

திருகோணமலையில் பத்து வருடம் கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜராக இருந்தவள் மீனாம்பிகை. முப்பது பேரின் முறைப்பாட்டை ஒரே நாளில் கேட்டு முடித்திருக்கிறாள். இந்த ஒரு மனுசனைக் கேட்டு முடிக்க மட்டும் அவளால் முடிந்ததில்லை.

புறாதானே என்று அரிசி வைத்தாள். தொடவில்லை. பயறு வைத்தாள். பயறை இடித்து வைத்தாள். அது கண்ணை மூடித் திறந்ததே தவிர, கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. பூபாலசிங்கம் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "பாவம்" என்றார்.

"பாவம் எண்டு சொன்னால் அதுக்கு வயிறு நிரம்புமோ? எழும்பித் தண்ணியாவது வையுங்கோ."

வெள்ளிக்கிழமை மேல்மாடியிலிருந்து அக்னெஸ் வந்தாள். மட்டக்களப்புக்காரி; யார் வீட்டில் எது நடந்தாலும் அவளுக்கு முதலில் தெரிந்துவிடும்.

"கிளிக்குப் பச்சைமிளகாய் குடுக்கோணும்" என்றாள்.

"இது கிளியில்லை, அக்னெஸ்."

"பச்சையாத்தானே கிடக்கு."

"பச்சையாக் கிடக்கிறதெல்லாம் கிளியோ? சொண்டைப் பாருங்கோ."

அக்னெஸ் சொண்டைப் பார்த்தாள். பார்த்தபின்னும் போகும்போது இரண்டு மிளகாயை மேசையில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

சனிக்கிழமை காலையில் புறாவின் தலை தொங்கத் தொடங்கியிருந்தது. இன்றைக்கு எப்படியும் செத்துவிடும், இந்த மனுசன் அதற்கும் ஒரு கிழமை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிவார் என்று நினைத்தபடி, அது வந்த பெட்டியை மீனாம்பிகை குப்பைக்கு மடித்தாள். பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளில் சிங்கப்பூர் முகவரி அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே ஆங்கில எழுத்தில் யாரோ கையால் ஒரு சொல் எழுதியிருந்தார்கள். ஜம்பு.

அவள் மடிப்பதை நிறுத்தினாள். ஜம்பு என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மணியைப்போலத் தொங்கும் பழம், கடித்தால் தண்ணீராக இருக்கும். அதன் தோலும் இந்தப் புறாவின் நெஞ்சும் ஒரே நிறம். நிறத்துக்காகப் பெயர் வைத்தார்களோ, தின்பதற்காக வைத்தார்களோ தெரியாது. ஆனால் பயறைத் தொடாத புறாவுக்குப் பழம் வைத்துப் பார்ப்பதில் என்ன நட்டம்?

"இஞ்சேருங்கோ, ஓடிப்போய் முந்திரிகைப்பழம் வாங்கிக்கொண்டு வாங்கோ. கறுப்பு."

மூலையில் இருந்த, டெப்பனர் என்கிற சில்லறைக் கடைக்குப் போன பூபாலசிங்கம் கால் மணித்தியாலம் கழித்துக் காய்ந்த திராட்சைப் பெட்டியுடன் வந்தார். மீனாம்பிகை கதவைத் திறந்து பிடித்தாள். இரண்டாம் முறை கறுப்புத் திராட்சைக் குலையுடன் வந்தார்.

ஒரு பழத்தை இரண்டாக வெட்டி அதன் சொண்டருகே நீட்டினாள். புறா வெகுநேரம் பார்த்தது. அவளுக்குக் கை உளைந்தது. பிறகு அது கொத்தவுமில்லை, கடிக்கவுமில்லை. அப்படியே வாங்கி விழுங்கியது. அடுத்த பாதியையும் விழுங்கியது. பதினான்கு துண்டு உள்ளே போன பிறகுதான் கண்ணை மூடியது.

"நான் சொன்னனான்தானே, அது சாகாதெண்டு" என்றார் பூபாலசிங்கம்.

அவர் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

உயிர் வந்த புறா அன்று பின்னேரமே பறந்தது. யன்னல் திரையில், ஹீற்றரில், காயப்போட்ட சேட்டில், எல்லாவற்றிலும் ஊதா நிறமாக எச்சமிட்டது. உள்ளே போன திராட்சையின் விதைகள் போனபடியே முழுதாக வெளியே வந்தன. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பிரெஞ்சு வகுப்புக் கொப்பியில், 'தின்னுதல்' என்ற வினைச்சொல்லை அழகாக எழுதி வைத்திருந்த பக்கத்தின் நடுவில் ஒன்று விழுந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் கேட்டாள்:

"இது ஒண்டுதானோ வந்தது?"

"பன்ரெண்டு வந்தது. நாலு செத்துப்போச்சு."

"மிச்சத்துக்கு என்ன குடுக்கினம்?"

"சோளம்."

"பழம் குடுக்கச் சொல்லி நாளைக்குச் சொல்லுவீங்கள்தானே?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "நான் கூட்டுறவன். நான் சொன்னால் ஆர் கேட்கிறது? இதைக் கொண்டுவந்தது தெரிஞ்சால் வேலையும் போயிடும்."

மீனாம்பிகைக்கு உச்சி கொதித்தது. அவரைத் திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். வேலை போய்விடும் என்று அவர் பயப்படுவதில் தவறில்லை. அவளுக்கும் அதே பயந்தான். ஆனால் கூட்டுக்குள் ஏழு பறவைகள் சோளத்தைப் பார்த்தபடி பட்டினி கிடக்கும்போது அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. எல்லா வேலையும் கடைசியில் தன் தலையில்தான் வந்து விழும் என்பதில் அவளுக்கு மேலும் எரிச்சல்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. புறாவைப் பெட்டியில் வைத்துக் கோட்டுக்குள் அணைத்தபடி, இரண்டு பஸ் மாறி, கணவனுடன் கிடங்குக்குப் போனாள். வழி முழுக்கப் பூபாலசிங்கம் "யோசிச்சுப் பாரும்" என்றார். அவள் யோசித்துவிட்டுத்தான் வெளிக்கிட்டிருந்தாள்.

ஹென்றி சிவந்த கழுத்துள்ள பெரிய மனிதர். பெட்டியைத் திறந்ததும் கத்தத் தொடங்கினார். நெடுநேரம் கத்தினார். முடிந்ததும் பூபாலசிங்கம் மெதுவாக மொழிபெயர்த்தார்: "கேளாமல் கொண்டுபோனது பிழையாம்."

"அவர் இவ்வளவு நேரம் கத்தினதுக்கு ஒரு வரிதானோ?"

"மிச்சம் எனக்கு விளங்கேல்லை."

அவளே முன்னுக்கு வந்தாள். வகுப்பில் படித்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "மேஸ்யு, இல் மான்ஜ் லே ஃப்ருவி." ஐயா, அது பழம் தின்னும். சோளம் தின்னாது.

புறா என்றால் தானியந்தான் தின்னும் என்றார் ஹென்றி. தன் வீட்டுக் கூரையில் வந்து குந்துகிற புறாக்கள் சோளம் தின்கின்றன, பாண் தின்கின்றன, பீட்சாவும் தின்கின்றன என்று விரல்விட்டுச் சொன்னார். மீனாம்பிகையிடமிருந்த பிரெஞ்சு அதோடு முடிந்துவிட்டது. ஆகவே அவரைச் சுற்றிக்கொண்டு நேரே கூட்டுக்குப் போனாள்.

ஆறுதான் இருந்தன. ஞாயிறோடு ஒன்று போய்விட்டது. மூன்று அடித்தட்டில் சரிந்து கிடந்தன. வெட்டிக் கொண்டுவந்த திராட்சையைத் தட்டில் போட்டு, தன் பெட்டியிலிருந்த புறாவையும் உள்ளே விட்டாள்.

ஒன்றும் அசையவில்லை. வீட்டில் விடிந்தால் பொழுதுபட்டால் விழுங்கிக்கொண்டிருந்த அதே புறா, இங்கே மரத்தால் செய்து வைத்ததுபோல நின்றது. ஹென்றி மணிக்கூட்டைப் பார்த்தார். பூபாலசிங்கம் தும்புத்தடியை எடுத்துக் கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினார். ஐந்து நிமிடம் போயிற்று, பத்தாயிற்று. இந்தச் சனியனுக்காகத்தான் வகுப்பை விட்டேனா என்று மீனாம்பிகை பல்லைக் கடித்தாள். பொறுக்க முடியாமல் கம்பிக்குள் கையை விட்டு ஒரு துண்டை அதன் முகத்துக்கு நேரே நீட்டி, "தின்னன்" என்றாள், தமிழில்.

அது வாங்கி விழுங்கியது. இன்னொன்றை விழுங்கியது. பிறகு தானே தட்டுக்கு இறங்கியது. பக்கத்தில் நின்ற ஒன்று அதைப் பார்த்துவிட்டுத் தட்டுக்கு வந்தது. அதற்குப்பின் இன்னொன்று. சரிந்து கிடந்த மூன்றுக்கும் அவள் கையால் ஊட்டினாள், இரண்டு விழுங்கின. ஒன்றின் வாயில் பழம் அப்படியே நின்றது.

ஹென்றி பூபாலசிங்கத்தின் பக்கம் திரும்பி, இதை ஏன் தனக்கு முன்பே சொல்லவில்லை என்று கத்தினார். அது மீனாம்பிகைக்குச் சொல்லுக்குச் சொல் விளங்கியது. அதே கேள்விதான் அவளிடமும் இருந்தது.

வேலை போகவில்லை. அவளுக்கும் ஒரு வேலை வந்தது. வகுப்பு முடிந்து ஒவ்வொரு பின்னேரமும் வந்து பழம் வெட்டச் சொன்னார் ஹென்றி. பப்பாசி, பெயார்ஸ், திராட்சை, எல்லாம் பட்டாணிக் கடலை அளவுக்கு. பழம் கொடுக்கச் சொல்லிவிட்டு வரத்தான் போனாள். போய், மிஞ்சிய ஆறு புறாக்களுக்குச் சமைக்காத சமையல்காரியாகத் திரும்பிவந்தாள். ஊதாக் கறை நகத்தை விட்டுப் போகவில்லை. வேலை அனுமதிப் பத்திரத்துக்குப் படம் எடுத்த அன்று அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டாள்; படத்தில் முகம் மட்டுந்தான் வரும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மே மாதத்தில், பெரிய கண்ணாடித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் ஆறையும் வாங்கினார். உள்ளே வாழையும் அத்தியும் நிற்கின்றன, குளிர்காலத்திலும் வியர்க்கும் என்றார்கள். நல்ல இடந்தான். பெட்டியில் அடைக்கிற அன்று மீனாம்பிகை நேரத்தோடு போனாள். தன் வீட்டில் நான்கு நாள் இருந்து திரையையும் கொப்பியையும் பாழாக்கியதை மட்டும் கடைசியாக ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க நினைத்தாள்.

பச்சை முகத்துப் பெண் புறாக்கள் இரண்டையும் முதலிலேயே அடைத்திருந்தார்கள்; சிவப்பு முகத்துடன் நான்கு ஆண் புறாக்கள் வரிசையாக இருந்தன. நான்கும் நன்றாகத் தின்று ஒரே அளவாகக் கொழுத்திருந்தன. எது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு நீட்டினாள். நான்கும் ஒரே மாதிரி வாங்கி விழுங்கின. அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"இதுதான் எங்கட" என்றார் பூபாலசிங்கம், ஒன்றைக் காட்டி.

"எப்படித் தெரியும்?"

அவர் கிட்டப் போய்ப் பார்த்தார். "இல்லை, இது" என்று மற்றதைக் காட்டினார்.

"வாயை மூடிக்கொண்டு பெட்டியைப் பிடியுங்கோ" என்றாள் மீனாம்பிகை. நான்கையும் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், இரண்டு கையாலும் எடுத்து உள்ளே வைத்தாள்.