இளவரசு வீட்டு கியர் பாக்ஸ்

தனக்கோடியின் அம்பாசிடருக்கு கியர் பாக்ஸ் போய்விட்டது. சிதம்பரம் முழுக்கத் தேடியாயிற்று, புதுச்சேரியிலும் கையை விரித்துவிட்டார்கள். "பொங்கலுக்குள்ள ஓடலன்னா காயலான் கடைக்குக் குடுத்துடலாம்பா" என்று மகள் பூஜா பொறுமையாகத்தான் சொன்னாள். மனிதருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கார் போனால் தன்னில் பாதி போய்விடும் என்று நிஜமாகவே பயந்தார்.

கடலூரில் மைத்துனன் இளவரசு வீட்டு முருங்கை மரத்தடியில் அதே வயது அம்பாசிடர் ஒன்று சக்கரமில்லாமல் கிடந்தது. வாய்விட்டுக் கேட்க இவருக்கு வறட்டு கௌரவம். மனைவி மங்கலம்தான் தம்பிக்கு போன் போட்டாள். அவன் மறுநாளே குட்டி யானை வண்டியோடு வந்து, இவர் காரைக் கயிறு கட்டிக் கடலூருக்கு இழுத்துப் போனான். தனக்கோடியும் மங்கலமும் கூடவே போனார்கள்.

மெக்கானிக் பக்கிரி அதிலிருந்து கழற்றி இதில் மாட்டினார். தனக்கோடி ஏறி ஓட்டிப் பார்த்தார். முதல் கியர் விழுந்தது. இரண்டாவது விழ மாட்டேன் என்றது. அழுத்தினார், திட்டினார், நடராஜரைக்கூடக் கூப்பிட்டார். தெருமுனையைத் தாண்ட முடியவில்லை.

"பல்லு தேஞ்சிருக்குங்க. இத வுட்டா வேற பாக்ஸும் கெடையாது" என்றார் பக்கிரி.

இளவரசு தலையைச் சொறிந்தான். "அது அக்கா கைக்குப் பழகுனது மாமா."

"எந்த அக்கா?"

"நம்ம அக்காதான். நீங்க ஓட்டக் கத்துத் தர மாட்டேன்னுட்டீங்களாமே. இங்க வரப்பல்லாம் பீச் ரோட்டுல எங்க வண்டியில எங்கிட்டதான் கத்துக்கிச்சு. லைசென்சுகூட வெச்சிருக்கு."

தனக்கோடிக்குக் கோபம் வந்தது. அதைவிட வெட்கம் ஜாஸ்தியாக வந்தது. மங்கலம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க."

தள்ளிக்கொண்டார். அவள் கியரை நடுவில் நிறுத்தி, குழந்தை வாய்ச்சோற்றை விழுங்கட்டும் என்று காத்திருப்பதுபோல ஒரு மூச்சு காத்திருந்தாள். இரண்டாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

சிதம்பரம் திரும்பும் வழியில் ஆலப்பாக்கம் போனது, புதுச்சத்திரம் போனது. மார்கழி வெயில் வயல்களின்மேல் மஞ்சளாகக் கிடந்தது. வேலையில்லாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு தனக்கோடி உட்கார்ந்திருந்தார். கார் பிழைத்துவிட்டது, ஆனால் இனி ஓட்டப்போவது தான் இல்லை என்பது உறுத்தியது. ஏதாவது தப்புச் செய்வாள், சொல்லிக் காட்டலாம் என்று பார்த்தார். அவள் செய்யவில்லை. காற்று கண்ணைச் சொக்க வைத்தது.

வெள்ளாற்றுப் பாலம் வந்தது. தண்ணீர் வானத்தை வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. நடுவே ஒரு படகு, அதில் ஆள் இருப்பதாகவே தெரியவில்லை.

"ஆறு இம்மாம் அகலமா?" என்றார்.

"இன்னாங்க இது, காலம்பூரா இந்த வழியாத்தான வண்டி ஓட்டுனீங்க."

"நான் எங்க பாத்தேன். முன்னாடி போற லாரியத்தான் பாத்துக்கினு வந்தேன்."

மங்கலம் சிரித்தாள். பாலம் முடிந்து ஊர் தெரிய ஆரம்பித்தது. அவர் வெகுநேரம் பின்னால் திரும்பியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மங்கலம், வண்டியத் திருப்பேன்" என்றார். "இன்னொரு வாட்டி பாத்துட்டுப் போவலாம்."