காற்றுப் புகாத வீடு

பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்திருந்தாள் நாத்தனார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய தம்பி மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவினாள்.

"காலேஜ் போற பொண்ணு ஒழுங்கா சாப்பிட வேணாமா? வெறும் வயித்துல வெந்நீர்ல குளிச்சா மயக்கம் வரத்தான் செய்யும்."

"அதான் அக்கா நானும் சொல்றேன்," என்றான் தம்பி.

மூலையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அவன் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மயக்கமாம். வாய் கூசாமல் எப்படித்தான் சொல்கிறான் இந்த மனுஷன்!

அவன் ஏசி மெக்கானிக். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் மாட்டிவிட்டுக் கடைசியில் சொந்தப் படுக்கையறைக்கும் ஒன்று மாட்டினான். அறையை ஒட்டிய குளியலறையின் சின்ன ஜன்னல் வழியாகக் குளிர் போகிறதென்று அதற்குப் பலகை வைத்து, சுற்றிலும் சிலிக்கான் பசை பூசி அடைத்தான். ஊசி நுழைய இடமில்லை. உள்ளே சுவரில் கேஸ் ஹீட்டர் எரிவதைப் பற்றி அவனுக்கு யோசனையே ஓடவில்லை. குளித்துவிட்டு வரும்போதெல்லாம் தலைவலி என்று மகள் சொன்னாள். ராத்திரி பூரா போனை நோண்டினால் வலிக்காமல் என்ன செய்யும் என்று வாயை அடைத்தான். போன வாரம் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது. கூப்பிட்டால் பதில் இல்லை. அம்மாதான் தாழ்ப்பாளை உடைத்து உள்ளே போய்ப் பிள்ளையை இழுத்துப் போட்டாள்.

கார்பன் மோனாக்சைடு என்றார் டாக்டர். வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது, கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள். ஹீட்டரை வெளியே மாற்றுங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். அங்கே நல்ல பிள்ளையாகத் தலையாட்டியவன் இங்கே வந்து அசையவில்லை. மனைவிதான் சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

"அந்த ரெகுலேட்டரைக் குடு," என்றான் இப்போது. "ஹீட்டரை மாத்த ஆள் வர வரைக்கும் கதவை லேசா திறந்து வச்சுக் குளிக்கட்டும்."

மெஷின் நின்றது.

"வயசுப் பொண்ணு கதவைத் திறந்து வச்சுக் குளிக்கணும். நீங்க அடைச்ச ஜன்னலை நீங்க திறக்க மாட்டீங்க."

"அதைத் திறந்தா ஏசி போட்டதே வீண்."

"அண்ணி, அவ பசியில விழல. உங்க தம்பி காத்தை அடைச்சதுல விழுந்தா."

நாத்தனார் பாதி உரித்த பழத்தோடு தம்பியைப் பார்த்தாள்.

மனைவி எழுந்து அவன் வேலைப் பையிலிருந்தே உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு குளியலறையில் ஸ்டூல் போட்டு ஏறினாள். பலகை அசைந்து கொடுக்கவில்லை. பாழாய்ப்போன வேலையை எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறான் என்று ஆத்திரத்தில் கண்ணீர் வந்தது. துடைக்காமல் அடித்தாள். மகள் வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"விழுந்துடாதம்மா."

குளியலறை வாசலில் அவன் குரல் கேட்டது.

"செவரு பேந்துடப் போகுது."

ஓங்கி அடித்த அடியில் பலகை பிளந்து விழுந்தது. தெருவின் இரைச்சலும் வெயிலும் தூசியும் ஒன்றாக உள்ளே வந்தன. கொக்கியில் தொங்கிய துண்டு அசைந்தது. மகள் முகத்தை உயர்த்தி வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள்.

இருவருக்கும் பின்னால், படுக்கையறையின் குளிர் வீணாகிவிடாமல், அவன் குளியலறைக் கதவை மெல்ல இழுத்துச் சாத்தினான்.