ஜூன் கடந்தும் வந்தவள்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. என் வீட்டு மாடியில் குடியிருக்கும் பிரென்னா, கீழே துணி துவைக்க வந்தவள், இயந்திரத்தின் மேல் சாய்ந்து அழுதுகொண்டே சொன்னது. ஆறுதல் சொல்லும்போதே, 'அடடா, நல்ல கதை' என்று எனக்குள் ஒரு பாவி குதித்தான். அவன்தான் இதை எழுதுகிறான். எதற்கும் ஜாக்கிரதையாகவே படியுங்கள்.

2

முதல் தொடக்கம்: 'டுலூத் நகர மருத்துவமனை ஜன்னலுக்கு வெளியே ஏரி உறைந்து—'

வேண்டாம். ஏரியை இழுத்தாலே கையில் சரக்கு இல்லை என்று அர்த்தம்.

இரண்டாவது: பிரென்னாவுக்கு டாக்டராக வேண்டும். இங்கே அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு மதிப்பெண் மட்டும் போதாது. அதனால் காலையில் ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு மல்லுக்கட்டினாள். மாலையில் மருத்துவமனையில் சம்பளமில்லாத் தொண்டு. விண்ணப்பம் போவது ஜூனில். கூடவே போகும் கட்டுரையில் மனதைத் தொட்ட நோயாளி ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது இந்தப் பிள்ளைகளின் நம்பிக்கை. [அவளுக்குக் கிடைத்தவர்—]

'கிடைத்தவர்'! வேட்டைக்குப் போனவளா அவள்? இருந்தாலும் அந்தச் சொல்லை அடிக்காமல் விட்டுவைக்கிறேன்.

3

ஆர்விட் சால்மெலா, இரும்புத் தாது ஏற்றும் கப்பல்களில் உழைத்து ஓய்ந்தவர். குடிதண்ணீருக்கு அளவு, தாகத்துக்கு ஐஸ் துண்டுதான். இதயம் தளர்ந்துவிட்டது, வாய் தளரவில்லை.

"ஏம்மா, ஐஸ் துண்டு கொண்டாந்தியா, இல்ல கதை புடுங்க வந்தியா?"

"ஐயோ, என்ன ஆர்விட் இப்படிப் பேசுறீங்க!"

"எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் நான் இங்க வந்து படுத்தா உன்ன மாதிரி ஒண்ணு வரும். கையப் புடிச்சுக்கும், கண்ணக் கசக்கும். ஜூன் முடிஞ்சா ஆளே இருக்காது. நீ மட்டும் என்ன ஒசத்தி?"

"நான் அப்படி இல்ல."

"அப்ப என்னைப் பத்தி எழுதாத. எலியைப் பத்தி எழுது. அது வாயத் திறக்காது."

எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். எலிகளைப் பற்றியே எழுதி அனுப்பினாள். (நான் நம்பவில்லை. கட்டுரையை வாங்கிப் படித்தேன். எலிதான். சவசவ என்றிருந்தது.)

4

ஜூலையில் ஒரு மாலை அவள் உள்ளே நுழைந்ததும் ஆர்விட் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"வந்துட்டியே! ஜூன் போயிருச்சே! அப்ப எனக்காகத்தான் வந்திருக்க. உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே, இந்த வாயில அடிக்கணும்." அவருக்கு அழுகை வந்துவிட்டது. "இனிமே என்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்கோ, போ. அதான் எல்லாம் அனுப்பியாச்சே!"

அவருக்குத் தெரியாதது ஒன்று. ஜூலையில் கல்லூரிகள் இரண்டாவது கட்டுரை கேட்கும். அன்று காலைதான் ஒரு கல்லூரி கேட்டிருந்தது: 'உங்களை மாற்றிய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதுக.'

5

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறாள், கிழவர் கையை உருவிக்கொள்கிறார்.

முடிவு இரண்டு: சொல்லாமல் எழுதுகிறாள், டாக்டராகிறாள், நல்ல டாக்டராகவே—

இரண்டையும் நான் நம்பவில்லை. நடந்தது இவ்வளவுதான்: அவள் ஐஸ் துண்டை அவர் வாயில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். "நான் எதுக்குத்தான் போனேன்? உங்களுக்கு என்ன தோணுது?" என்று என்னைக் கேட்டு அழுதாள். 

நாளை மாலை மறுபடியும் போகிறாள். கூட நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.