வலிக்குத் துணை

அந்த ஊரில் வலி தனியாக உடம்பை விட்டுப் போகாது. துணைக்கு ஓர் உறுப்பைக் கூட்டிக்கொண்டுதான் கிளம்பும். பழுத்த குடல்வால், கல் சேர்ந்த பித்தப்பை என்று ஏதாவது ஒன்று வழக்கமாகச் சிக்கிவிடும். யாரையும் அனுப்பாமல் வயிற்றைத் தைத்துவிட்டால் வலி தானே ஆள் பார்த்துக்கொள்ளும். போன மாதம் ஒரு பேக்கரிக்காரரின் இதயத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

லேத் பட்டறை பரஞ்சோதியின் வயிற்றைத் திறக்கும்போது டாக்டர் தில்லைநாயகி குடல்வாலைத்தான் மலைபோல் நம்பியிருந்தார். அதுவோ குளிப்பாட்டித் தலைவாரிய பிள்ளை மாதிரி பளிச்சென்று இருந்தது. வீக்கம் இல்லை, சீழ் இல்லை. குடலை முழம் முழமாக உருவிப் பார்த்தார். ஈரலும் பித்தப்பையும்கூடச் சமர்த்தாகவே இருந்தன. வலி மட்டும் ஓரமாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

"மேடம், இந்த அப்பெண்டிக்ஸையே அனுப்பிருங்க," என்றார் சிஸ்டர் பியூலா. "இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்ல."

"பிரயோஜனம் இல்லன்னா அனுப்பிரலாமா சிஸ்டர்? அது என்ன தப்பு பண்ணிச்சு?"

வலி கொட்டாவி விட்டது. அதன் பார்வை நெஞ்சுப் பக்கம் போய்ப் போய் வந்தது.

சிஸ்டர் வெளியே போய்ப் பரஞ்சோதியின் மனைவியிடம் கேட்டார். "யாரை வேணும்னாலும் அனுப்புங்கம்மா, அவரு பொழச்சா போதும்," என்றாள் செண்பகவல்லி. "யாருமே இல்லன்னா நான் இருக்கேன்."

சிஸ்டர் அதை அப்படியே உள்ளே வந்து சொன்னார். தில்லைநாயகி குடல்வாலைப் பிடித்தார். அது அவர் விரலைச் சுற்றிக்கொண்டது. கட்டுப்போட்டு வெட்டித் தட்டில் வைத்தார்.

வலி இறங்கி வந்து தட்டை எட்டிப் பார்த்தது. "இது வேணாம் டாக்டரம்மா. நோய்நொடி தெரியாத பிள்ளை, வழியெல்லாம் அழும். வெளிய ஒரு அம்மா வர்றேன்னு சொன்னாங்கள்ல?"

வெட்டியதை இனி ஒட்டவைக்க முடியாது. அந்த அம்மா பேச்சுக்குச் சொன்னது என்று தில்லைநாயகி சொல்லியிருக்கலாம். மானிட்டரில் பரஞ்சோதியின் இதயத்துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். பிறகு ஒதுங்கி நின்று, கதவுப் பக்கம் போக வலிக்கு வழிவிட்டார்.

பரஞ்சோதி வார்டில் கண் விழித்தபோது வலி துளியும் இல்லை. "செண்பகம்," என்று கூப்பிட்டார்.

கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் குடல்வால் உட்கார்ந்திருந்தது. செண்பகவல்லியின் ஒயர்க்கூடை அதன் மடியில் இருந்தது.

"வாயு பிரியற வரைக்கும் பச்சத்தண்ணி குடுக்கக் கூடாது. கேட்டு அழுவாரு, குடுத்துராத," என்றார் சிஸ்டர் பியூலா.

குடல்வால் தலையாட்டியது. பிறகு குனிந்து, ஆபரேஷன் தியேட்டர் வாசலிலிருந்து எடுத்துவந்த செண்பகவல்லியின் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தது.